பூதமும் அணுவும்: ஒரு சொல் வரலாறு

1875ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூரின் அறிவு வரலாற்றில் குறித்துவைக்கத் தக்க ஆண்டு. அன்று திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்த இவ்வூரில், மாவட்ட ஆட்சித்தலைவர் பென்னிங்டன் பெயரால் ஒரு பொது நூலகம் அவ்வாண்டில் தோன்றியது. தமிழகத்தின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்றாக அது இன்றும் எண்ணப்படுகிறது. அதே ஆண்டில், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்தில் மேற்கொண்ட மொழிபெயர்ப்புப் பணியின் ஒரு கனியாகக் 'கெமிஸ்தம்' என்னும் நூல் தமிழில் வெளிவந்தது. அதே 1875இல் பிரான்சு நாட்டு வேதியியலார் லெக்கோக் த புவாபோத்ரான் காலியம் என்னும் உலோகத்தைக் கண்டறிந்தார். அவ்வுலோகத்திற்கு உரிய இடத்தைத் தம் அட்டவணையில் வெற்றிடமாக விட்டுவைத்திருந்த ருஷ்ய அறிஞர் மெண்டலீவ், 'ஏக' என்னும் வடமொழி எண்ணுப்பெயரை முன்னொட்டாக்கி, 'ஏக அலுமினியம்' என்று அதற்கு முன்கூட்டியே பெயர் சூட்டியிருந்தார்.

இம்மூன்று நிகழ்ச்சிகளுக்கும் ஒன்றோடொன்று உறவில்லை. எனினும் ஒரு வரலாற்றுத் திருப்பத்தை இவை மூன்றும் சேர்ந்தே காட்டுகின்றன. உலகம் எதனால் ஆனது என்ற வினாவுக்கு, ஐம்பூதங்களால் ஆனது என்று தமிழர் பல நூற்றாண்டுகள் விடை கூறிவந்தனர். அந்த விடை கைவிடப்பட்டு, வேறொரு விடை தமிழ்ச் சொற்களைத் தேடி அலையத் தொடங்கிய காலம் அது. அந்தத் தேடலில் 'அணு' என்ற பழஞ்சொல் நிலைத்தது. 'பூதம்' என்ற பழஞ்சொல் நிலைக்கவில்லை. ஒன்று நிற்கவும் மற்றொன்று நீங்கவும் காரணம் யாது என்பதே இங்கு ஆராயப்படுவது.

நிலம், தீ, நீர், வளி, விசும்பு ஆகிய ஐந்தும் கலந்த மயக்கமே உலகம் என்பது தொல்காப்பிய மரபியல் கூறும் கருத்து. 'மயக்கம்' என்ற சொல் கலவையைக் குறிக்கிறது. ஐம்பூதக் கொள்கை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. வடபுலத்துத் தரிசனங்களிலும் உண்டு. விசும்பை விடுத்து நான்கு எனக் கொண்ட கிரேக்க மரபும் உண்டு. ஆனால் தமிழில் இதற்கு மாறாக எழுந்த மற்றொரு குரலைப் பலரும் மறந்துவிடுகின்றனர். அதுவே ஆசீவகர் குரல்.

மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயக் கணக்கரையும் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கும் பகுதியில் ஆசீவகவாதியும் பேசுகிறான். அவன் கூறும் அணுக்கொள்கை வியப்புக்குரிய தெளிவு உடையது. பொருள் ஐந்து; அவற்றுள் உயிர் ஒன்று; ஏனைய நான்கும் நிலம், நீர், தீ, காற்று என்னும் நால்வகை அணுக்கள். அணு புதிதாய்ப் பிறப்பதில்லை, அழிவதுமில்லை. ஒன்றினுள் மற்றொன்று புகுவதில்லை. ஒன்று இரண்டாய்ப் பிளப்பதில்லை. அவலைப் போலத் தட்டையாய் விரிவதுமில்லை. நீரணு ஒருநாளும் நிலவணுவாய்த் திரியாது. அணுக்கள் திரண்டு மலையாகவும் மரமாகவும் உடம்பாகவும் ஆகும்; மீண்டும் வேறுவேறாய்ப் பிரியும். இவை சேரும்போது ஒன்று, முக்கால், அரை, கால் என்ற அளவில் சேரும். எது மிகுதியோ அதன் பெயரால் அப்பொருள் அழைக்கப்படும். தனியணுவைத் தெய்வக்கண் உடையோரே காண்பர். மற்றவர்க்குத் திரள் மட்டுமே புலப்படும். மாலை மயங்கும் வேளையில் ஒற்றை மயிரைக் காணமாட்டாதவன் கற்றை மயிரைக் காண்பது போல என்று அதற்கு ஓர் உவமையும் சொல்லப்படுகிறது.

ஆசீவகரின் மூலநூல்கள் மறைந்துபோயின. எனவே ஏ. எல். பாஷம் 1951இல் அச்சமயத்தைப் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்டபோது, அவர்தம் அணுக்கொள்கையை விளக்க மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் ஆகிய தமிழ் நூல்களையே பெரிதும் துணைக்கொண்டார். இம்மூன்றும் ஆசீவகரை மறுக்கும் சமயங்களின் நூல்கள் என்பதை மறத்தலாகாது. மறுக்கப் புகுந்தவர்களே மறுக்கப்பட்ட கொள்கையைக் காத்துவைத்தார்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். டால்டன் சொன்னதை நம் முன்னோர் முன்பே சொல்லிவிட்டனர் என்று மேடையில் முழங்குவதற்கு ஆசீவகவாதி இடமளிக்கவில்லை. அணு பிறவாது, அழியாது, பிளவாது, ஓரினம் மற்றோரினமாகாது, குறித்த விகிதத்தில் கூடும் என்னும் இவை டால்டன் கொள்கையின் வாசகங்களோடு ஒத்து ஒலிப்பது உண்மை. ஆனால் ஒன்று, முக்கால், அரை, கால் என்ற அந்த விகிதங்கள் எவராலும் நிறுத்துப் பார்த்துக் கண்டவை அல்ல. ஆசீவகனிடம் சிந்தனை இருந்தது, தராசு இல்லை. கம்பர் இரணியன் வதைப் படலத்தில் அணுவை நூறு கூறிட்ட 'கோண்' என்பதைப் பேசுவதும் இத்தகையதே. இறைவன் நிறைந்திருக்கும் நுண்மையைச் சொல்ல வந்த கவியின் உயர்வுநவிற்சி அது. 1911இல் ரூதர்போர்டு கண்ட அணுக்கருவுக்கு அதைச் சான்றாக்குவது கம்பருக்கும் பெருமையன்று, ரூதர்போர்டுக்கும் நியாயமன்று.

தராசு செய்த மாற்றத்தை அறிய மேலைநாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாலே போதும். 192 அடி உயரம் எனப்படும் அக்கோபுரத்தின் மேல்நிலைகள் செங்கல்லாலும் சுதையாலும் ஆனவை. சுதைக்கு மூலம் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் இட்டுச் சுட்டால் சுட்ட கல் இலேசாகிறது. அதில் நீர் தெளித்தால் கொதித்து நீறுகிறது. நீறிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துப் பூசினால் நாளடைவில் அது இறுகிக் கல்லாகிறது. கொத்தரும் ஸ்தபதிகளும் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தால் அறிந்த செய்தி இது. சுட்ட கல் ஏன் இலேசாயிற்று என்ற வினாவை எழுப்பி, முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தபோதுதான் அது வேதியியல் ஆயிற்று.

ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1750களில் இதையே செய்தார். கல் இழந்த எடை ஒரு வாயுவாய் வெளியேறியது என்று கண்டார். இன்று கரியமில வாயு என்று நாம் அழைப்பது அதுவே. தூய சுண்ணாம்புக்கல் 100 பங்கு எடுத்தால் 44 பங்கு வாயுவாகிப் போகும். 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாக எஞ்சும். எந்த ஊர்க் காளவாயில் சுட்டாலும் இந்த விகிதம் மாறாது. சுதை உலரும்போது நீர் வெளியேறுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு சிறிது சிறிதாக உள்ளே நுழைகிறது. சுண்ணாம்பு மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகிறது. அவ்வளவில், காளவாயில் இழந்ததைக் காற்றிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்ட கல்லே அக்கோபுரத்தைப் போர்த்தியிருக்கிறது. அணு அழிவதில்லை, கூடும், பிரியும், மீண்டும் கூடும் என்று ஆசீவகன் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அவனுக்கே கிடைத்திராது.

சுண்ணாம்பு இன்னொரு பாடமும் சொல்கிறது. 1789இல் லவாய்சியே தம் நூலில் 33 தனிமங்களைப் பட்டியலிட்டார். மேலும் பகுக்க இயலாத பொருளே தனிமம் என்பது அவர் வகுத்த இலக்கணம். அப்பட்டியலில் ஆக்சிஜனும் கந்தகமும் பொன்னும் இருந்தன. அவற்றோடு ஒளியும் வெப்பமும்கூட இருந்தன. சுட்ட சுண்ணாம்பும் இருந்தது! அதைப் பகுக்க அவரிடம் கருவி இல்லை. 1808இல் ஹம்ப்ரி டேவி மின்னாற்றலைக் கொண்டு சுண்ணாம்பிலிருந்து கால்சியம் என்னும் உலோகத்தைப் பிரித்தார். சுண்ணாம்பு தனிமப் பட்டியலினின்று நீங்கியது. டால்டன் தம் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்டதும் அதே 1808இல்தான். தனிமம் ஒவ்வொன்றும் தனக்கே உரிய எடையுள்ள ஒரேவகை அணுக்களால் ஆனது; சேர்மத்தில் அவை முழு எண் விகிதத்தில் கூடும் என்றார் அவர். நீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்று அவர் கொண்டது பிழை. அது பின்னர்த் திருத்தப்பட்டது. பிழையைத் திருத்தவும் தராசே உதவியது.

பூதத்துக்கும் தனிமத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்கும். பூதங்கள் ஐந்து என்பது முடிந்த முடிபு. யார் நிறுத்தாலும் அளந்தாலும் அந்த எண் கூடவோ குறையவோ வழியில்லை. தனிமங்களின் எண்ணிக்கையோ ஆராய்ச்சி வளர வளர மாறிவந்தது. லவாய்சியே காலத்தில் 33, மெண்டலீவ் 1869இல் அட்டவணை வகுத்தபோது 63, இன்று 118. நீரும் காற்றும் நிலமும் அப்பட்டியலில் இல்லை. நீர் சேர்மம், காற்று கலவை, நிலம் பல சேர்மங்களின் கலவை, தீ ஒரு பொருளே அன்று, அது ஒரு நிகழ்ச்சி.

இத்தகைய கருத்துகளைத் தமிழில் சொல்ல முனைந்தோரில் முன்னோடி கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, 1860களில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். மருத்துவம் கற்க வேதியியல் வேண்டும். ஆகவே அமெரிக்கரான வெல்ஸ் எழுதிய பாடநூல் தமிழாயிற்று. நூல் வெளிவருமுன்பே, 1873இல், கிறீன் தாயகம் திரும்பிவிட்டார். தமிழில் உள்ள சொல்லை முதலில் தேடுவது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவது என்பது அவர் கொண்ட நெறி. 'கெமிஸ்தம்' என்ற தலைப்பு மூன்றாம் வழியின் விளைவு. இன்று அச்சொல் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு முழு அறிவியலையே மொழிபெயர்க்கத் துணிந்தவரின் சொல் அது.

இதே துணிவு அடுத்து ஒரு வழக்கறிஞரிடம் தோன்றியது. 1916இல் சேலத்தில் இராஜாஜி நண்பர்களோடு சேர்ந்து தமிழ் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டு, இதழும் நடத்தினார். தமிழ்ச் சொற்களை ஆராயும் அவ்விதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தது! அந்த முரணைப் பாரதியார் அப்போதே சுட்டிக்காட்டி வருந்தினார். அதேவேளை முயற்சியை வரவேற்கவும் செய்தார். பின்னாளில் இராஜாஜி எழுதிய 'திண்ணை ரசாயனம்' அந்த முரணுக்குக் கழுவாய் எனலாம். ஆய்வுக்கூடமே இல்லாத வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வேதியியல் பேசலாம் என்று தலைப்பிலேயே உறுதி தருகிறார். திருநெல்வேலிச் சீமைப் பெருங்குளத்தில் 1891இல் பிறந்த பெ. நா. அப்புஸ்வாமியும் வழக்கறிஞரே. அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் அறிவியலைத் தெளிந்த தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். தமிழில் வேதியியலை வளர்த்தவர்களுள் வழக்கறிஞர்களும் துறவியும் மருத்துவரும் முன்னிற்பது தற்செயலன்று. கல்லூரி வேதியியலார் பெரும்பாலும் ஆங்கிலத்தோடு அமைந்துவிட்டனர்.

துறவி என்றது விபுலாநந்த அடிகளை. மட்டக்களப்பைச் சேர்ந்த அவர் அறிவியல் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். இராமகிருஷ்ண மடத்துத் துறவி. திருநெல்வேலியில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936இல் சென்னையில் கூட்டிய கலைச்சொல் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் 'கலைச்சொற்கள்' என்ற தொகுதி 1938இல் வெளிவந்தது. அப்போதுதான் மாகாணத்து உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி பயிற்றுமொழியாகி வந்தது. ஆகவே சொற்கள் உடனே தேவைப்பட்டன. ஆனால் 1940இல் அரசு அமைத்த குழுவுக்குத் தலைவரான சீனிவாச சாஸ்திரியார் வடமொழிச் சார்பான பொதுச்சொற்களை வற்புறுத்தினார். தமிழறிஞர் பலர் கடுமையாக எதிர்த்தனர். மொழிப்பூசல் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. பள்ளி மாணவன் தன் பாடச்சொல்லைத் தன் வீட்டுச்சொல்லோடு இணைத்துப் பொருள்கொள்ள முடியுமா என்பதே அப்பூசலின் உட்பொருள்.

இந்தச் சூழலில்தான் பூதம் நீங்கியது. தனிமத்தைப் பூதம் என்று மொழிபெயர்த்திருக்கலாம். அச்சொல் வழக்கிலிருந்தது, எளியது. ஆனால் ஐந்து என்ற எண் அதனோடு ஒட்டிப் பிறந்தது. 'அறுபத்து மூன்று பூதங்கள்' என்றால் மாணவன் சிரித்திருப்பான். பேய்க்கதை என்றுகூட எண்ணியிருப்பான். ஆகவே முதலில் மூலகம் என்றனர்; பின்னர்த் தமிழகத்தில் தனிமம் என்ற சொல் வேரூன்றியது. தனித்து நிற்பது தனிமம், சேர்ந்து ஆவது சேர்மம் என இரண்டும் ஒன்றையொன்று விளக்கும் இணைச்சொற்களாய் அமைந்தன. பூதம் முற்றிலும் மறையவுமில்லை. அதன் வழிவந்த பௌதிகம் என்ற சொல் அடுத்த அறையில், இயற்பியல் வகுப்பில், நெடுங்காலம் குடியிருந்தது.

அணு நின்றதற்குக் காரணம் வேறு. கிரேக்க மூலச்சொல்லுக்குப் பிளக்கவொண்ணாதது என்பது பொருள். 1897இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டதும், ரூதர்போர்டு அணுக்கருவைக் கண்டதும் அப்பெயரைப் பொய்யாக்கின. ஐரோப்பிய மொழிகள் பொய்த்த பெயரையே இன்றும் சுமக்கின்றன. அணு என்ற சொல்லுக்கோ நுண்மை என்பதே பொருள். பிளவாமை ஆசீவகனின் கொள்கை. சொல்லின் பொருள் அன்று. கொள்கை வீழ்ந்தபின்னும் சொல் பழுதின்றி நின்றது.

துறையின் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. இரசாயனம் என்று வழங்கியதைத் தமிழகத்துப் பாடநூல்கள் பின்னர் வேதியியல் ஆக்கின. வேதித்தல் என்பது ஒன்றை மற்றொன்றாக மாற்றுதல். செம்பைப் பொன்னாக்கும் இரசவாதிகளின் சொல் அது. நீரணு நிலவணுவாய்த் திரியாது என்று ஆசீவகன் மறுத்த மாற்றத்தையே அவர்கள் தேடினார்கள். அணுவைப் பொறுத்தவரை வேதியியல் ஆசீவகன் பக்கம் நின்றது. பெயரை மட்டும் தோற்ற கட்சியிடமிருந்து வாங்கிக்கொண்டது.

தனிமங்களின் பெயர்களில் இத்தகைய உடன்பாடு ஏற்படவில்லை. பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என்பன என்றும் தமிழே. ஆக்சிஜனைப் பிராணவாயு என்றனர், உயிர்வளி என்றனர். இரண்டும் உயிரை நினைவூட்டுவன. ஆனால் சிவகாசித் தீக்குச்சி எரியும்போது நிகழ்வதை விளக்க உயிர் என்ற சொல் இடர்தருகிறது. லவாய்சியே இட்ட பெயரும் குற்றமற்றதன்று. 'அமிலமாக்கி' என்பது அதன் பொருள். ஆக்சிஜன் இல்லாத அமிலங்கள் உண்டு என்பது பின்னர் நிறுவப்பட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று கற்றுவந்து சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலில் பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும் புழங்கலாயின. கந்தகம் ஒன்றே அங்குப் பழைய பெயருடன் வந்தது. மற்றவற்றுக்குத் தமிழ்ப்பெயர் வேண்டும் என்று எவரும் காத்திருக்கவில்லை. இராஜபாளையத்து பி. ஏ. சி. இராமசாமி ராஜா தொடங்கி 1957இல் பதிவுபெற்ற சிமெண்ட் நிறுவனமும் அவ்வாறே. காளவாய்ச் சுண்ணாம்பின் இடத்தைச் சிமெண்ட் பிடித்தபோது பொருளோடு பெயரும் சேர்ந்தே வந்தது.

1949இல் கோவையில் ஜி. ஆர். தாமோதரன் தொடங்கிய 'கலைக்கதிர்' இதழும், 1954 முதல் பெரியசாமித் தூரன் பதிப்பில் வெளிவந்த கலைக்களஞ்சியமும், 1970இல் அமைந்த தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் இச்சொற்களைப் பரப்பின. விளைவாக, விருதுநகர் மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளி மாணவர் தனிமம், சேர்மம், மூலக்கூறு, பருப்பொருள் என்று தடையின்றி எழுதுகின்றனர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அறிவியல் கல்லூரிக்குள் நுழைந்ததும் பெரும்பாலோர்க்கு அச்சொற்கள் ஒரே நாளில் பயனற்றுப் போகின்றன. கிறீன் தொடங்கிய வழி இன்னும் பள்ளி வாயிலோடு நின்றுவிடுகிறது.

கடலுக்கு அப்பாலும் ஒரு பிரிவு நேர்ந்தது. இலங்கைத் தமிழ் மாணவர் தனிமத்தை மூலகம் என்கிறார், சேர்மத்தைச் சேர்வை என்கிறார், ஆக்சிஜன் அவருக்கு ஒட்சிசன், ஹைட்ரஜன் ஐதரசன், துறையோ இன்றும் இரசாயனவியல். விபுலாநந்தர் தலைமையில் ஒரே மேடையில் தொடங்கிய முயற்சி இரு நாட்டிலும் இருவேறு சொல்வழக்காகப் பிரிந்துவிட்டது. யாழ்ப்பாணத்து மாணவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவரும் தம் வேதியியல் நூல்களை மாற்றிக்கொண்டால் பக்கத்துக்குப் பக்கம் தடுமாறவே நேரும். இருவர் நூலிலும் மாறாமல் நிற்கும் சொற்கள் சில உண்டு. மூலக்கூறு அவற்றுள் ஒன்று, அமிலம் ஒன்று, ஆசீவகன் உச்சரித்த அணுவும் ஒன்று.